இறால் குளத்துக் கழிவில் பாசி வளர்த்தால் காசு வருமா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா சிலாபத்தைத் தாண்டி நாலு குளத்தில் வன்னமி இறால் வளர்க்கிறாராம். ஒவ்வொரு அறுவடைக்கும் கழிவுத்தண்ணீர் சும்மா கால்வாய்க்குப் போகிறது, அதைப் பவுசரில் கொழும்புக்கு எடுத்து வந்து மொட்டைமாடித் தாங்கிகளில் ஸ்பிருலினா (சத்துமாவாக விற்கும் நீலப்பச்சைப் பாசி) வளர்த்து, காயவைத்துத் தூளாக்கி விற்கலாமா, வீடியோக்களில் எல்லாரும் செய்கிறார்களே என்பதுதான் கேள்வி.

நேராகச் சொல்கிறேன் தம்பி: ஸ்பிருலினா வேண்டாம், பவுசர் வேண்டவே வேண்டாம். ஆனால் மாமாவின் குளத்தில் வீணாகிறது என்று நீங்கள் நினைப்பது உண்மைதான், அதில் பாசி வளரும் என்பதும் உண்மைதான். நீங்கள் தண்ணீரைப் பார்க்கிறீர்கள், சரக்கு இருப்பது சேற்றில். அப்புறம், வளர்ந்த பாசியை நீங்களே அள்ளி விற்க நினைக்கிறீர்கள், அங்கேதான் எல்லாருடைய கணக்கும் கவிழ்கிறது.

முதலில் கணக்கு. ஒரு டொன் இறால் எடுக்க ஏறக்குறைய 1,400 கிலோ தீவனம் போகிறது என்று வைப்போம் (மாமா கெட்டிக்காரராக இருந்தால் குறையும், குளம் நோய்வாய்ப்பட்டால் கூடும்). தீவனத்தில் 36 வீதம் புரதம் என்றால் அதில் நைதரசன் கிட்டத்தட்ட 80 கிலோ. அறுவடையான இறாலின் உடம்பில் 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வெளியே போகும். மிச்சம் 50 கிலோ குளத்திலேயே நிற்கிறது. இறால் செவுளால் விடும் அமோனியாவாக, எச்சமாக, தின்னாமல் கரைந்த தீவனமாக, உரித்துப்போட்ட ஓடாக. பொஸ்பரசின் கதை இன்னும் மோசம், போட்டதில் சின்னப் பங்குதான் இறாலுக்குள் போகிறது, பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். இவ்வளவும் மாமா காசு கொடுத்து வாங்கியது, ஏனென்றால் இறால் வளர்ப்பில் மிகப்பெரிய செலவே தீவனம்தான்.

50 கிலோ நைதரசன் என்றால் பாசிக்கு எவ்வளவு? காய்ந்த நுண்பாசியில் சுமார் 8 வீதம் நைதரசன் இருக்கும். எல்லாவற்றையும் பிடிக்க முடிந்தால் 600 கிலோவுக்கு மேல். ஆனால் ஒரு பகுதி வாயுவாகப் பறந்துவிடும், இன்னொரு பகுதி மண்ணோடு மண்ணாகும். நடைமுறையில் 20 கிலோ கையில் சிக்கினால் 250 கிலோ காய்ந்த பாசி. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இனித்தான் விஷயம்.

குளத்துத் தண்ணீரில் அந்த நைதரசன் எவ்வளவு அடர்த்தியில் இருக்கிறது? நன்றாகத் தீவனம் போட்ட குளத்திலும் கரைந்த நிலையில் லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம், கூடிப்போனால் மூன்று நான்கு. மூன்று என்றே எடுப்போம். ஆயிரம் லீற்றரில் 3 கிராம் நைதரசன், அதில் வளரக்கூடிய பாசி 40 கிராமுக்கும் குறைவு. சிலாபத்திலிருந்து கொழும்புக்கு 80 கிலோமீற்றர் ஆறாயிரம் லீற்றர் பவுசர் ஒன்றை ஓட்டி வந்தால், மொத்தமாகக் கால் கிலோகூடத் தேறாது. டீசலுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அதுதான் இது.

இன்னொன்று, மாமாவின் குளத்தைப் போய்ப் பாருங்கள், தண்ணீர் என்ன நிறம்? பச்சை, அல்லது பழுப்பு. அந்த நிறமே பாசிதான். கரைந்த உரத்தில் பாதியை அது ஏற்கனவே தின்றுவிட்டது. இறால் குளம் என்பது பாதி பாசிப்பண்ணைதான், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே குளத்துத் தண்ணீரை எடுத்து வந்து புதிதாக ஒரு பாசியை விதைத்தால், ஏற்கனவே உள்ளே இருக்கும் பாசியும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் சேர்ந்துதான் வரும். வடிக்காமல், கிருமி நீக்காமல் நீங்கள் விரும்பிய இனத்தை வளர்ப்பது முடியாத காரியம்.

ஸ்பிருலினாவை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது கேட்கும் தண்ணீர் வேறு. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) ஒன்பதரை, பத்து என்று இருக்க வேண்டும், அதனால்தான் அதில் வேறு பாசிகள் எளிதில் வருவதில்லை. அதற்காக ஆய்வுகூடங்களில் பயன்படுத்தும் சாரூக் ஊடகத்தில் (ஊடகம் என்றால் பாசி வளர்க்கும் சத்துக் கரைசல்) லீற்றருக்கு 16.8 கிராம் சோடியம் பைகாபனேற்று, 2.5 கிராம் சோடியம் நைத்திரேற்று. அந்த நைத்திரேற்றில் உள்ள நைதரசன் மட்டும் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல். உங்கள் குளத்துத் தண்ணீர் தருவது மூன்று. மற்றதெல்லாம் கடையில்தான் வாங்க வேண்டும். அப்படியென்றால் கழிவில் வளர்த்தேன் என்று சொல்வதில் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு இறால் குளத்துத் தண்ணீர் உவர், அதில் கல்சியமும் மக்னீசியமும் நிறைய. பைகாபனேற்றைக் கொட்டி பிஎச்சை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வீழ்படியும், பொஸ்பரசையும் கூட இழுத்துக்கொண்டு போகும். கடல்நீரில் ஸ்பிருலினா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதலில் தண்ணீரைத் தயார்படுத்துகிறார்கள்.

சரி, அப்போது எங்கே சரக்கு? சேற்றில். இப்போது பல இடங்களில் குளத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு நடுவில் ஒரு குழி வைத்து, பெடல் வீல் என்ற துடுப்புச் சக்கரம் சுழற்றும் சுழற்சியில் எச்சமெல்லாம் நடுவுக்குச் சேர, தினம் ஒரு தடவை அதைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்புக் கூழ்தான் வேண்டியது. மாமாவின் குளம் மண்குளம் என்றால் சேறு மண்ணோடு கலந்துவிடும், அப்போது வேலை கடினம். அறுவடை நாளில் தண்ணீர் இறக்கும்போது முதலில் போகும் பெரும்பகுதி ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும், கடைசியில் வரும் பத்து இருபது வீதத்தில்தான் கலங்கலும் கழிவும் திரண்டு வரும். அந்தக் கடைசித் தண்ணீரை மட்டும் ஒரு தனிப் படிவுக்குளத்துக்குத் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது, பாசி வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும்.

சேற்றை அப்படியே பாசிக்குப் போட முடியாது. கறுப்பாக இருப்பதால் வெளிச்சம் உள்ளே போகாது, நைதரசனும் பெரும்பாலும் புரதத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பக்டீரியா உடைத்துத் தர வேண்டும். சிலர் மூடிவைத்துப் புளிக்கவிட்டு உயிர்வாயுவும் எடுக்கலாம் என்பார்கள். நன்னீர் மீன் கழிவுக்கு அது சரிவரலாம், ஆனால் உவர்நீரில் கவனம். கடல்நீரில் லீற்றருக்கு 2.7 கிராம் அளவில் சல்பேற்று இருக்கிறது, காற்றில்லாத இடத்தில் பக்டீரியா அதை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். அழுகின முட்டை வாடை வெறும் தொந்தரவு இல்லை, மூடிய இடத்தில் ஆளையே கொல்லும், இறாலையும் கொல்லும். ஆகவே காற்றூட்டி ஓடவிடுவதே நல்லது. பெரிய தாங்கியில் சேற்றைத் தண்ணீரோடு கலந்து, ஒரு கிழமை, இரண்டு கிழமை நன்றாகக் காற்றுக் கொடுத்தால் புரதம் அமோனியாவாகும், அமோனியா மெதுவாக நைத்திரேற்றாகும். பிறகு காற்றை நிறுத்திப் படியவிட்டு மேலே நிற்கும் தெளிவை எடுத்து, துணியால் வடித்து, குளோரின் போட்டு, அந்தக் குளோரினை சோடியம் தயோசல்பேற்றால் முறித்து (இல்லாவிட்டால் பாசி செத்துப்போகும்), வடித்த கடல்நீரோடு கலக்க வேண்டும். அடியில் நிற்கும் மிச்சத்தை உப்புக் கழுவினால் தென்னைக்குப் போடலாம்.

எவ்வளவு கலக்க வேண்டும்? இங்கேதான் ஒரு நல்ல செய்தி. குஞ்சு பொரிப்பகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் எஃப்/2 ஊடகத்தில் லீற்றருக்கு நைதரசன் 12 மில்லிகிராமும் பொஸ்பரஸ் ஒரு மில்லிகிராம் சொச்சமும்தான் இருக்கிறது. சேற்றுத் தெளிவில் இதைவிடப் பல மடங்கு எடுக்கலாம், ஆகவே அதைக் கடையில் வாங்கும் உரத்துக்குப் பதிலாகத் தாராளமாக வைக்கலாம். கிலார்ட், ரைதர் என்ற இரண்டு பேர் 1962இல் வெளியிட்ட ஊடகத்தின் பாதிச்செறிவுதான் இது, இந்த ரைதரைப் பற்றிக் கீழே திரும்பச் சொல்கிறேன். இரும்பு, மாங்கனீசு போன்ற சுவட்டு உலோகங்களைக் கொஞ்சம் சேர்க்க வேண்டி வரலாம். கீற்றோசெரோஸ் மாதிரி டயற்றம் வகை (சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசி) என்றால் சிலிக்கேற்று கட்டாயம், கழிவில் அது போதாது.

எந்த இனம்? நமது வெயிலுக்கு ஏற்றதாகப் பாருங்கள். எல்லாரும் நனோகுளோரோப்சிஸ் என்பார்கள், நல்ல பாசிதான், ஆனால் தண்ணீர் 30 பாகையைத் தாண்டினால் தளர்ந்துவிடும். புத்தளம் பக்கம் ஆழமில்லாத தாங்கியில் மத்தியானம் அதைத் தாண்டாத நாள் குறைவு. டெற்றாசெல்மிஸ் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், உவர்நீருக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். நன்னீருக்கு குளோரெல்லா, செனெடெஸ்மஸ். மழையையும் யோசியுங்கள். கொழும்பில் திறந்த தாங்கி வைத்தால் மே மாதத்துத் தென்மேல் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் இடிமழையும் உப்பைக் கழுவி விட்டுவிடும். புத்தளம் மாவட்டம் வறண்டது, அங்கே எதிர்ப்பிரச்சினை, தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும்.

இப்போது அறுவடை. இதைப் பற்றி வீடியோக்களில் இரண்டு நிமிடம்கூடப் பேச மாட்டார்கள். திறந்த ஓட்டத்தொட்டியில் நன்றாக வளர்ந்த பாசிகூட லீற்றருக்கு அரைக் கிராம்தான் இருக்கும், அதாவது மிச்சம் 99.9 வீதத்துக்கு மேல் தண்ணீர். பாசிக்கலம் ஒன்றின் விட்டம் 2 முதல் 10 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, துணி பிடிக்காது, நல்ல வடிகட்டி பிடித்தாலும் அடைத்துக்கொள்ளும். வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கி இயந்திரம் பிடிக்கும், ஆனால் அதன் விலையும் கரண்ட் பில்லும் சேர்ந்தால் உங்கள் தூளின் விலையில் பெரும்பங்கு அதற்கே போகும். படிகாரம் போட்டுத் திரட்டலாம், அப்போது அலுமினியமும் சேர்ந்து வரும், தீவனத்துக்கு அது நல்லதில்லை. ஸ்பிருலினாவை எல்லாரும் விரும்புவதற்கு ஒரு காரணமே அது நூல் மாதிரி நீளமாக இருப்பதால் துணியில் நிற்கிறது என்பதுதான்.

ஆகவே நான் சொல்வது: அள்ள வேண்டாம். பாசியை ஏதாவது ஒரு உயிர் தின்னட்டும், நீங்கள் அந்த உயிரை அள்ளுங்கள். சிப்பி, மட்டி, அல்லது ரொட்டிபர், ஆர்ட்டீமியா, மொயினா, கோப்பிபொட் போன்ற நீரில் மிதக்கும் சின்ன உயிரினங்கள் எல்லாம் இரண்டு மைக்ரோன், பத்து மைக்ரோன் என்று பார்க்காமல் இரவு பகலாக வடித்துத் தின்னும், கரண்டும் கேட்காது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. மேலே சொன்ன ரைதர் 1970களில் அமெரிக்காவில் வூட்ஸ் ஹோலில் இதைத்தான் செய்தார். சுத்திகரித்த நகரக் கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து டயற்றம் வளர்த்து, அதைச் சிப்பிக்குக் கொடுத்து, சிப்பி விட்ட கழிவைக் கடற்பாசிக்குக் கொடுத்தார். அதற்கும் முன்னால் 1950களில் கலிபோர்னியாவில் ஒஸ்வால்ட் என்பவர் கழிவுநீரில் பாசியும் பக்டீரியாவும் சேர்ந்து வேலைசெய்யும் ஆழமில்லாத குளங்களைப் படிப்படியாக உருவாக்கினார். பாசி ஒட்சிசன் கொடுக்கும், பக்டீரியா காபனீரொட்சைட்டும் அமோனியாவும் கொடுக்கும். கழிவுநீர்ப் பாசித் திட்டங்களின் அடிப்படை இன்றைக்கும் இதுதான்.

ஆனால் ஒரு விதி. இறால் கழிவில் வளர்ந்த பாசியைத் திரும்ப இறால் குஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். இறாலின் குடம்பி சோயியா பருவத்தில் பாசிதான் தின்னும் என்பதால், பொரிப்பகத்துக்கு விற்கலாமே என்று யோசனை வருவது இயல்பு. பொரிப்பகக்காரர் தன் பாசியை இரவு பகலாகக் கிருமி இல்லாமல் காப்பாற்றுகிறார், அவரிடம் போய் இறால் குளத்துச் சேற்றில் வளர்த்தது என்று சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுவார், அவர் செய்வது சரி. 1996இல் வெண்புள்ளி வைரஸ் வடமேல் மாகாணப் பண்ணைகளை எப்படி அடித்தது என்று மாமாவிடம் கேளுங்கள், அந்த வயதுக்காரர் என்றால் மறந்திருக்க மாட்டார். ஒல்லாந்தர் கால்வாயிலிருந்துதான் பல பண்ணைகள் தண்ணீர் எடுக்கின்றன, அதே கால்வாய்க்குத்தான் திரும்ப விடுகின்றன. ஒருவர் விட்ட தண்ணீர் அடுத்தவர் பம்பில் ஏறும்போது நோயும் ஏறும். பாசிக்கு அந்த வைரஸ் பிடிப்பதில்லை, ஆனால் பாசியோடு வரும் தண்ணீரும், அதிலிருக்கும் சின்ன நண்டும் கூனியும் அதைச் சுமக்கும். விப்ரியோ பக்டீரியாவும் அப்படித்தான். ஆகவே இனம் மாற்றுங்கள்: இறால் கழிவிலிருந்து பாசி, பாசியிலிருந்து சிப்பியோ மட்டியோ, அல்லது ரொட்டிபர் வழியாகக் கொடுவாக் குஞ்சுக்கு. மீன் கழிவு என்றால் வேறு வழி யோசிக்கலாம். நோய் வந்த குளத்தின் தண்ணீர், சேறு எதையும் தொடவே வேண்டாம், அது குளோரினுக்குப் போக வேண்டியது.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். திறந்த தொட்டி, 20–30 சென்ரிமீற்றர் ஆழம், பெடல் வீல் சுழற்ற மெதுவாக ஓடும் தண்ணீர். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் காய்ந்த பாசி என்பது நல்ல விளைச்சல், 20 வந்தால் சந்தோஷப்படலாம், 50 என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மேலே சொன்ன 250 கிலோவை 100 நாளில் எடுக்க, நாளுக்கு இரண்டரைக் கிலோ, அதற்கு 170 சதுர மீற்றர் அளவில் வேண்டும். அது ஒரு டொன் இறாலுக்கு. மாமா ஒரு குளத்தில் ஐந்து டொன் எடுக்கிறார் என்றால் 800 சதுர மீற்றருக்கு மேல், கொஞ்சம் மேட்டு நிலம் இல்லாமல் சரிவராது. உங்கள் மொட்டைமாடி எத்தனை சதுர மீற்றர்? ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு டொன் எடை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், கீழ்வீட்டுக்காரர் நினைப்பார்.

இனி, இதில் கைவைத்த எல்லாருக்கும் வரும் தலையிடிகள். பாசி காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால் பின்னேரம் பிஎச் ஒன்பதுக்கு ஏறும். அமோனியா நிறைந்த தண்ணீரில் இது பொல்லாத சங்கதி. 30 பாகையில் பிஎச் 8 என்றால் நன்னீரில் மொத்த அமோனியாவில் 7–8 வீதம்தான் நச்சான வடிவத்தில் நிற்கும், பிஎச் 9க்கு வந்தால் 45 வீதம். அதே தண்ணீர், அதே அமோனியா, மூன்று மணித்தியால வெயிலில் ஆறு மடங்கு நச்சு. பாசிக்கே அது உறைக்கும், அந்தத் தண்ணீரைத் திரும்பக் குளத்துக்கு விட்டால் இறாலுக்கு இன்னும் உறைக்கும். அதனால்தான் சேற்றை முன்கூட்டியே நைத்திரேற்றாக்குவது நல்லது என்றேன். தீவனம்போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிடுவதும் நல்லது. இரவில் பாசி ஒட்சிசனைத் தின்னும் என்பதால் காற்று நிற்கக்கூடாது, மின்வெட்டுக் காலத்தில் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மற்றது, தின்னிகள். நேற்றைக்குக் கடும்பச்சையாக இருந்த தொட்டி நாளைக்குத் தெளிந்த தேநீர் நிறத்தில் கிடக்கும். உள்ளே ரொட்டிபரோ சிலியேற்று என்ற ஒருகல உயிரோ புகுந்து தின்று தீர்த்திருக்கும். ஒரு பழைய நுணுக்குக்காட்டி வாங்குங்கள். இரத்தக்கலம் எண்ணும் கண்ணாடித் தட்டு மருத்துவ ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், பாசிக்கலம் எண்ணவும் அதுவேதான். தினம் ஒரு துளி பார்த்தால் தின்னிகள் பெருகுவதற்கு முன் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தத் தொட்டியை மொயினாவுக்கோ சிப்பிக்கோ விட்டுவிட்டு, கழுவி, போத்தலில் வைத்திருக்கும் சுத்தமான விதையிலிருந்து திரும்பத் தொடங்குவதுதான் வழி. பெரிய தொட்டி ஒன்று வைப்பதைவிடச் சின்னதாக மூன்று நாலு வைப்பது இதனால்தான்.

மீன் கழிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், பேலியகொடை மீன் சந்தையில் குடலும் இரத்தத் தண்ணீரும் மலிவாகக் கிடைக்குமே என்று. கிடைக்கும், அடர்த்தியும் அதிகம், இறால் குளத்துத் தண்ணீருக்கு நேர் எதிர். ஆனால் பச்சையாகப் போட்டால் பாசிக்கு முன் பக்டீரியா தின்னும், ஒட்சிசன் போய்விடும், அக்கம்பக்கமெல்லாம் மூக்கைப் பொத்தும். அரைத்து இரண்டு மூன்று வீதம் போமிக் அமிலம் கலந்து பிஎச்சை நாலுக்குக் கீழே வைத்தால் கெடாமல் கூழாகக் கரைந்துவிடும். அந்தக் கூழை நடுநிலையாக்கி மிகச்சிறிய அளவில் விடலாம். என் கருத்து, அது கோழிக்கும் மீனுக்கும் நேரடியாகவே நல்ல தீவனம், பாசியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை.

கொழும்பில் இருந்துகொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அலங்கார மீன் பக்கம் பாருங்கள். கொழும்பைச் சுற்றி வீட்டுக்கு வீடு கப்பி வளர்த்து ஏற்றுமதிக்காரருக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் தொட்டி துடைத்த தண்ணீரைக் கானுக்குள்தான் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரில் குளோரெல்லாப் பச்சைத்தண்ணீர் வளர்த்து, அதை மொயினாவுக்குக் கொடுத்து, மொயினாவைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சங்கிலி முடிந்தது. நன்னீர், நைத்திரேற்று ஏற்கனவே உண்டு, தாங்கியும் சின்னது, மொயினா நாலைந்து நாளில் குட்டிபோடும். உயிர்த்தீவனமாகப் பையில் அடைத்து விற்றாலும் வாங்க ஆள் உண்டு. ஒன்று மட்டும்: திறந்த தாங்கி என்றால் நுளம்பு. இந்த ஊரில் டெங்கு காலத்தில் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாடி ஏறிப் பார்ப்பார், குடம்பி கண்டால் வழக்குத்தான். நுண்ணிய வலை போட்டு இறுக்கி மூடுங்கள். பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் கப்பியை விட்டால் நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பது சரி, மொயினாத் தொட்டியில் விட்டால் மொயினாவையும் சேர்த்துத் தின்னும்.

மனிதர் சாப்பிடும் பொருளாக இதை விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பண்ணையில் எப்போதாவது ஒக்சிடெற்றாசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போட்டிருக்கலாம், பாசியைக் கொல்ல என்று செப்புச் சல்பேற்று போட்டிருக்கலாம், பாசி உலோகங்களை உடம்பில் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளது. பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. பேர வாவி எத்தனையோ வருடமாகப் பச்சையாகத்தான் இருக்கிறது, அதில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சை வகைகள் இருக்கின்றன, ஈரலைத் தாக்கும் நச்சை விடக்கூடியவை. உங்கள் திறந்த தொட்டியிலும் அவை வந்து உட்காரலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் மாமாவுக்கு என்ன லாபம்? பாசி விற்ற காசு என்று பெரிதாக வராது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். லாபம் வேறு இடத்தில்: படிவுக்குளமும் பாசித்தொட்டியும் வைத்தால் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தலாம், கால்வாயிலிருந்து புதிதாக ஏற்றும் தண்ணீர் குறையும், அதோடு நோய் உள்ளே வரும் வாய்ப்பும் குறையும். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது வெளியே விடும் தண்ணீரைக் காட்ட வேண்டிய இடத்தில் தைரியமாகக் காட்டலாம். சிப்பியோ ஆர்ட்டீமியாவோ மேல்வருமானம். சர்க்கரைப்பாகு போட்டுப் பக்டீரியாவை வளர்க்கும் பயோபுளொக் முறையும் இதே அமோனியாவைத்தான் பிடிக்கிறது, இடம் இல்லாதவருக்கு அது பொருந்தும். ஆனால் காற்றூட்டிச் செலவு கூட, வெயில் இலவசமாகச் செய்யும் வேலையைக் கரண்ட் கொடுத்துச் செய்விப்பதுதான் அது.

தொடங்குவதற்கு முன் மாமாவிடம் இதைக் கேட்டு வையுங்கள்: குளம் மண்ணா விரிப்பா, நடுக்குழி உண்டா, ஒரு அறுவடைக்கு எத்தனை கிலோ தீவனம் போய் எத்தனை கிலோ இறால் வருகிறது, உப்பு எவ்வளவு, கடைசியாக எப்போது நோய் வந்தது, குளத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் நிலம் எவ்வளவு. அமோனியா, நைத்திரேற்று, பிஎச் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக் காலையிலும் பின்னேரமும் அளந்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், படிந்த சேற்றுத் தெளிவையும் சேர்த்து. அந்தக் கொப்பியோடு மட்டக்குளி குரோ ஐலண்டில் உள்ள நாரா என்ற நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, மாக்கந்துரையில் வயம்பப் பல்கலைக்கழக நீருயிர் வளர்ப்புத் துறைக்கோ போனால் கதைக்க ஆள் இருப்பார்கள். வெறுங்கையோடு போனால் அவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். சுத்தமான விதைப்பாசி எங்கே எடுக்கலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள். முதலில் அரை லீற்றர் போத்தல்களில் சேற்றுத் தெளிவை வெவ்வேறு அளவில் கலந்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், எது பச்சையாகிறது எது ஆகவில்லை என்று ஒரு கிழமையில் தெரிந்துவிடும். அதற்கு வெள்ளவத்தை வீடே போதும்.